இராமானுஜனின் உயர் பகு எண்கள்: ஒரு விடுபட்ட எண்ணும் ஓர் அச்சேறாப் பகுதியும்

ஆய்வுச் சுருக்கம்

ஓர் எண்ணின் வகுத்திகள் எத்தனை, அவற்றின் கூட்டுத்தொகை எவ்வளவு என்னும் இரு வினாக்களிலிருந்து பல முழு எண் வரிசைகள் பிறக்கின்றன. அவற்றுள் சீனிவாச இராமானுஜன் 1915இல் ஆராய்ந்த உயர் பகு எண்களின் வரிசையை இக்கட்டுரை விளக்குகிறது. அவர்தம் அட்டவணையில் விடுபட்ட ஓர் எண்ணின் அமைப்பும், அச்சேறாமல் நின்ற பகுதிக்கும் ரீமான் கருதுகோளுக்கும் உள்ள தொடர்பும் இங்குச் சிறப்பாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வகுத்தி, பகா எண், உயர் பகு எண், இராமானுஜன், மிகுவளமை எண், ரீமான் கருதுகோள்

முன்னுரை

இலண்டன் கணிதக் கழகத்தின் நடவடிக்கை இதழ், இரண்டாம் வரிசை, 14ஆம் தொகுதி, 347 முதல் 409 வரையுள்ள பக்கங்கள். 1915ஆம் ஆண்டில் இராமானுஜனின் மிக நீண்ட கட்டுரை வெளிவந்த இடம் இது. அவர் கேம்பிரிட்ஜ் சென்று சேர்ந்து அப்போது ஓராண்டே கடந்திருந்தது. 1916 மார்ச்சில் அப்பல்கலைக்கழகம் ஆய்வின் வழியாக அவருக்கு இளங்கலைப் பட்டம் வழங்கியதற்கு அடிப்படையாக அமைந்ததும் இவ்வாய்வே. ஆயினும் தமிழில் இராமானுஜனைப் பற்றி எழுதப்பட்டவற்றில், இக்கட்டுரையாளர் படித்த அளவில், 1729 என்னும் எண்ணுக்கும் வாடகை வண்டிக்கும் கிடைக்கும் இடத்தில் சிறுபங்கும் இக்கட்டுரைக்குக் கிடைத்ததில்லை. காரணம் ஊகிக்கக் கூடியதே. வண்டி எண்ணின் கதையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். உயர் பகு எண்களைச் சொல்லப் பொறுமை வேண்டும். ஆனால் அதற்கு வேண்டிய கணக்கு பள்ளிப் பெருக்கலுக்கு அப்பால் வெகுதூரம் செல்வதில்லை என்பதை இக்கட்டுரை காட்ட முயல்கிறது.

சொல்லும் குறியீடும்

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண் அதன் வகுத்தி. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இப்பொருளில் ‘காரணி’ என்னும் சொல்லைப் பெரிதும் ஆள்கின்றன. அச்சொல் இயற்கணிதக் கோவைகளுக்கும் சேர்த்தே வழங்குவதால், எண்களை மட்டும் பேசும் இங்கு ‘வகுத்தி’ என்பதே கொள்ளப்படுகிறது. தமிழ்நாட்டில் ‘பகா எண்’ எனப்படுவது இலங்கைப் பாடநூல்களில் ‘முதன்மை எண்’ எனப்படும். இங்கு முன்னதே பயின்றுவரும். எண்ணை எ எனவும், அதன் வகுத்திகளின் எண்ணிக்கையை வ(எ) எனவும், அவ்வகுத்திகளின் கூட்டுத்தொகையைக் கூ(எ) எனவும் குறிப்போம். 1உம் எண் தானும் வகுத்திகளாகவே கொள்ளப்படும். ஆகவே வ(6) = 4, கூ(6) = 1 + 2 + 3 + 6 = 12.

தன்னினும் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு மிகுதியான வகுத்திகளைக் கொண்ட எண் உயர் பகு எண் ஆகும். இவ்வரிசை 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720, 840, 1260, 1680, 2520, 5040 எனத் தொடங்கும். 1உம் 2உம் பகு எண்களே அல்ல என்பதால் பெயர் சற்றே பொருந்தாதுதான். ஆயினும் வரையறைக்கு அவை உட்படுகின்றன. முழு எண் வரிசைகளுக்கென நீல் சுலோன் 1964இல் தொகுக்கத் தொடங்கிய கலைக்களஞ்சியத்தின் இணைய வடிவில் இவ்வரிசை ஏ002182 என்னும் எண்ணில் இடம்பெற்றுள்ளது.

மக்கள் வழக்கில் வகுத்திகள்

வகுத்திகள் மலிந்த எண்ணின் பயனைக் கணித அறிஞர்களுக்கு முன்பே பிறர் உணர்ந்திருந்தனர். பிளேட்டோ தம் ‘சட்டங்கள்’ என்னும் நூலில், ஒரு நகரின் குடும்பங்கள் 5040ஆக இருத்தல் வேண்டும் என்கிறார். அவ்வெண்ணை 59 வகையில் பகுக்க முடியும் என்பது அவர் காட்டும் காரணம். எண் தன்னையும் சேர்த்துக்கொண்டால் 60. நிலம் பிரிக்கவும் வரி விதிக்கவும் படை வகுக்கவும் மீதி விழாத எண் அவருக்குத் தேவைப்பட்டது. நாளை 60 நாழிகையாகவும், நாழிகையை 60 விநாழிகையாகவும் பகுத்த நம் காலக்கணக்கும் ஓர் உயர் பகு எண்ணின்மீதே நிற்கிறது.

ஆனால் தமிழ்ப் பின்ன வாய்பாடு வேறு வழியில் செல்கிறது. அரை, கால், அரைக்கால் எனப் பாதியாக்கிக்கொண்டே போய் வீசம் என்னும் மாகாணியை (1/16) அடைவது ஒரு நெறி. மா (1/20), காணி (1/80) என்பன மற்றொரு நெறி. இரண்டும் ஒன்றோடொன்று இயைகின்றன: ஒரு மாவும் ஒரு காணியும் கூடினால் 4/80 + 1/80 = 5/80, அதாவது 1/16. மாகாணி என்னும் பெயரே அக்கூட்டல்தான். இவற்றுக்கெல்லாம் கீழே நிற்கும் முந்திரி 1/320 ஆகும். 320 = 2⁶ × 5; அதற்கு 14 வகுத்திகளே உள்ளன. அதைவிடச் சிறிய 240க்கு 20 வகுத்திகள். 320இல் 3 என்னும் பகா எண் இல்லாமையால் மூன்றில் ஒரு பங்கை முந்திரிகளால் சரியாகச் சொல்ல இயலாது. கீழ்முந்திரிக்கு, அதாவது 1/1,02,400க்கு, இறங்கினாலும் மீதி விழும். இதைக் குறையாகக் கொள்வது பொருந்தாது என்பது இக்கட்டுரையாளர் கருத்து. படியையும் மரக்காலையும் பாதி பாதியாக அளக்கும் கைக்கு இரண்டின் அடுக்கே வசதி. வகுத்திகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு ஓர் அளவை முறையை மதிப்பிடுதல் தகாது.

உயர் பகு எண்ணின் உடலமைப்பு

எந்த எண்ணையும் பகா எண்களின் அடுக்குகளாகப் பிரித்து எழுதலாம். ஒவ்வோர் அடுக்கெண்ணோடும் 1 கூட்டிப் பெருக்கினால் வகுத்திகளின் எண்ணிக்கை கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 72 = 2³ × 3²; வ(72) = 4 × 3 = 12. நூற்றுக்குட்பட்ட எண்களில் 12 வகுத்திகள் கொண்டவை 60, 72, 84, 90, 96 ஆகிய ஐந்து. பன்னிரண்டைக் கடந்தது எதுவுமில்லை. இவ்வைந்தில் சிறியதான 60 மட்டுமே உயர் பகு எண். ஏனையவை ஏன் தோற்றன என்று பார்த்தால் வரிசையின் இலக்கணம் புலப்படும்.

90 = 2 × 3² × 5. இதில் மூன்றின் அடுக்கு இரண்டின் அடுக்கைவிடப் பெரிது. இவ்விரு அடுக்குகளையும் இடம் மாற்றினால் 2² × 3 × 5 = 60 கிடைக்கும்; வகுத்திகள் குறையவில்லை, எண் மட்டும் சிறுத்துவிட்டது. எனவே உயர் பகு எண்ணில் பகா எண்கள் ஏற ஏற அடுக்குகள் ஏறக்கூடாது. 84 = 2² × 3 × 7 என்பது 5ஐத் தாண்டிச் செல்கிறது. 7க்குப் பதில் 5ஐ வைத்தால் மீண்டும் 60. ஆகவே இடையில் எந்தப் பகா எண்ணும் விடுபடக் கூடாது. மேலும் 4, 36 ஆகிய இரண்டைத் தவிர எல்லா உயர் பகு எண்களிலும் கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1 என்பதை இராமானுஜன் நிறுவினார். 72 இதனால் விலகுகிறது. 96 = 2⁵ × 3 என்பதோ இம்மூன்று விதிகளுக்கும் முற்றிலும் உட்பட்டும் உயர் பகு எண் ஆகவில்லை. விதிகள் தேவையானவை, போதுமானவை அல்ல. வரிசையின் கடினம் இங்கேதான் தொடங்குகிறது.

இவ்வரிசைக்கு முடிவில்லை என்பதை ஒரு வரியில் காட்டலாம். எந்த எண்ணையும் இரட்டித்தால் வகுத்திகள் கூடும். ஆகவே ஓர் உயர் பகு எண்ணுக்கும் அதன் இருமடங்குக்கும் இடையே, அல்லது இருமடங்கிலேயே, அடுத்தது வந்துவிடும். இராமானுஜன் இதனினும் நெடுந்தூரம் சென்று, அடுத்தடுத்த இரு உயர் பகு எண்களின் விகிதம் 1ஐ நெருங்கிக்கொண்டே போகும் என்று நிறுவினார். அவை எவ்வளவு அடர்ந்துள்ளன என்னும் வினாவைப் பால் எர்டிஷ் 1944இலும் ழான்-லூயி நிக்கோலா 1971இலும் மேலும் கூர்மையாக்கினர்.

விலையும் ஆதாயமும்

போதுமான விதி கிட்டாதபோது இராமானுஜன் செய்தது என்ன? வரிசைக்குள் எளிதில் கட்டக்கூடிய ஒரு துணை வரிசையைப் பிரித்தெடுத்தார். அவற்றை ‘மேன்மை உயர் பகு எண்கள்’ எனலாம். அவருடைய வரையறை ஒரு சமனிலியாக அமைந்தது. அதன் உட்பொருளைக் கடைக்கணக்காகச் சொல்வது எளிது. கையில் உள்ள எண்ணை ஒரு பகா எண்ணால் பெருக்குகிறோம் என்க. எண் எத்தனை மடங்கு பெருகுகிறதோ அது விலை. வகுத்திகள் எத்தனை மடங்கு பெருகுகின்றனவோ அது ஆதாயம். மடங்குகளை ஒப்பிட வேண்டியிருப்பதால் இரண்டின் இயல் மடக்கைகளையும் எடுத்து, ஆதாயத்தை விலையால் வகுக்கிறோம். எந்தப் பகா எண்ணுக்கு இவ்வீவு மிகுதியோ அதையே வாங்குகிறோம்.

2520 = 2³ × 3² × 5 × 7 என்னும் எண்ணில் நிற்போம். 2ஐ வாங்கினால் வகுத்திகள் 48இலிருந்து 60 ஆகும், ஈவு 0.322. 3க்கு 0.262, 5க்கு 0.252, 7க்கு 0.208. இதுவரை இல்லாத 11ஐ வாங்கினால் வகுத்திகள் இருமடங்காகும், ஆனால் விலையும் அதிகம், ஈவு 0.289. எனவே முதலில் 2ஐ வாங்கி 5040ஐ அடைகிறோம். அடுத்து 11ஐ வாங்கி 55,440. பின்னர் 13ஐ வாங்கி 7,20,720. இவ்வாறு 2, 3, 2, 5, 2, 3, 7, 2, 11, 13, 2, 3, 5, 17, 19, 2, 23 என ஒரே ஒரு வரிசையில் பகா எண்கள் வந்து சேர்கின்றன. ஒவ்வொரு நிலையிலும் கிடைப்பது ஐயத்துக்கு இடமில்லாத உயர் பகு எண். இவை நெடுவழியில் நட்ட மைல்கற்களைப் போன்றவை. இடைப்பட்ட உயர் பகு எண்களை இவற்றின் அருகிலிருந்து சில பகா எண்களைக் கூட்டியும் குறைத்தும் தேடிக் கண்டுகொள்ள வேண்டும்.

விடுபட்ட எண்

அவ்வாறு தேடித் தொகுத்த உயர் பகு எண்களின் அட்டவணை ஒன்றை இராமானுஜன் அக்கட்டுரையில் தந்துள்ளார். அது 67,46,32,83,88,800 வரை செல்கிறது. இவ்வெண்ணுக்கு 10,080 வகுத்திகள். கணிப்பொறி இல்லாத காலத்தில் கையால் அமைத்த அவ்வட்டவணையில், பிற்கால ஆய்வாளர் சரிபார்த்தபோது, ஒரே ஓர் எண் விடுபட்டிருப்பது தெரிந்தது: 2,93,31,86,25,600.

இவ்வெண் எங்கிருந்து வருகிறது என்பதை மேலே கண்ட முறையைக் கொண்டே காணலாம். மேன்மை உயர் பகு எண்களில் ஒன்று

3,21,25,37,32,800 = 2⁶ × 3³ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23

இதற்கு 7 × 4 × 3 × 64 = 5376 வகுத்திகள். இம்மைல்கல்லிலிருந்து 23ஐக் கழற்றிவிட்டு, அதனிடத்தில் 3 × 7 = 21ஐச் சேர்த்தால்

2,93,31,86,25,600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

கிடைக்கிறது. எண் 23க்கு 21 என்னும் விகிதத்தில் சிறுக்கிறது. வகுத்திகள் 16க்கு 15 என்னும் விகிதத்தில் குறைந்து 5040 ஆகின்றன. இதற்குக் கீழே நிற்கும் 2,40,94,02,99,600 என்னும் உயர் பகு எண்ணுக்கு 4800 வகுத்திகள். ஆகவே விடுபட்ட எண்ணின் இடம் இவ்விரண்டுக்கும் நடுவே உறுதிப்படுகிறது.

இங்கு ஒரு செய்தி கருதத்தக்கது. விடுபட்ட எண்ணைக் கழற்றிய அதே 23ஆல் பெருக்கினால் 67,46,32,83,88,800 வரும். அதாவது, அட்டவணையின் கடைசி எண் விடுபட்ட எண்ணின் 23 மடங்கு. இக்கட்டுரையாளர் தாளில் பெருக்கிப் பார்த்தபோதுதான் இது கண்ணிற்பட்டது; விடை சரிதானா என்று இருமுறை பெருக்க வேண்டியிருந்தது. 2⁶ × 3⁴ × 5² × 7² எனத் தொடங்கும் வடிவம் இராமானுஜனின் தேடலுக்கு அப்பாற்பட்டதாக இருந்திருக்க முடியாது என்பதற்கு இதுவே சான்று. அவ்வடிவம் அட்டவணையின் இறுதி வரியிலேயே நிற்கிறது. ஆகவே விடுபாட்டை முறையின் பிழையாகக் கொள்ள இடமில்லை. கணக்கிடும்போதோ படியெடுக்கும்போதோ நேர்ந்த நழுவலாகவே அதைக் கொள்ளுதல் பொருந்தும். அவ்வெண்ணின் வகுத்திகள் 5040 என்பதும், அது பிளேட்டோவின் எண் என்பதும் தற்செயல். ஆனால் 5040 இன்னொரு முறையும் குறுக்கிடப் போகிறது.

அச்சேறாப் பகுதி

மேற்கண்ட கட்டுரை அறுபது பக்கங்களைக் கடந்தும் முழுமையானதன்று. கழகம் அப்போது பணநெருக்கடியில் இருந்தமையால், செலவைக் குறைக்கும்பொருட்டு இராமானுஜன் எழுதியதில் ஒரு பகுதி நிறுத்தப்பட்டது. அதனை 1927இல் வெளிவந்த அவருடைய கட்டுரைத் தொகுப்பின் குறிப்பு தெரிவிக்கிறது. நிறுத்தப்பட்ட பகுதி 1988இல் புதுதில்லியில் ‘தொலைந்த குறிப்பேடு’ நிழற்படிவாக வெளியிடப்பட்டபோது அதனுடன் வெளிப்பட்டது. 1997இல் ‘இராமானுஜன் இதழ்’ முதல் தொகுதியில் நிக்கோலா, கி ரோபின் ஆகியோரின் குறிப்புரைகளோடு முறையாக அச்சேறியது. எழுதப்பட்டதற்கும் அச்சேறியதற்கும் இடையே எண்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன.

அப்பகுதியில் இராமானுஜன் வகுத்திகளின் எண்ணிக்கையிலிருந்து அவற்றின் அடுக்குகளின் கூட்டுத்தொகைக்குச் செல்கிறார். அதன் ஒரு நிலையே கூ(எ). கூ(எ)யை எ ஆல் வகுத்த ஈவு, தன்னினும் சிறிய எந்த எண்ணின் ஈவையும் விஞ்சினால் அவ்வெண்ணை மிகுவளமை எண் என்போம். லியோனிடாஸ் அலாவோக்லுவும் எர்டிஷும் 1944இல் இவ்வகை எண்களை விரிவாக ஆராய்ந்தனர். தாம் நடக்கும் வழியில் ஒருவர் முன்பே நடந்திருந்ததை அவர்கள் அறிய வாய்ப்பில்லை. அது அப்போது அச்சில் இல்லை.

மிகுவளமை எண்களின் வரிசையும் 1, 2, 4, 6, 12 எனவே தொடங்குகிறது. உயர் பகு எண்களோடு முதல் பத்தொன்பது உறுப்புகளும் அப்படியே ஒத்துப்போகின்றன. பத்தொன்பதாவது உறுப்பு 5040. அதற்குப் பின் உடனே வழி பிரிகிறது. 7560க்கு 64 வகுத்திகள். எனவே அது உயர் பகு எண். ஆனால் கூ(7560) = 28,800; ஈவு 3.810. 5040இன் ஈவோ 19,344 ÷ 5040 = 3.838. ஆகவே 7560 மிகுவளமை எண் ஆகாது. 10,080இல் ஈவு 3.9 ஆகி இரு வரிசைகளும் மீண்டும் கூடுகின்றன. இரண்டிற்கும் பொதுவான எண்கள் மொத்தம் 449 மட்டுமே. இரு முடிவிலா வரிசைகள் இவ்வளவு ஒட்டித் தொடங்கியும் ஒரு கட்டத்திற்குப் பின் சந்திப்பதே இல்லை.

இனி ரீமான் கருதுகோள். பகா எண்களின் பரவலைப் பற்றிய இக்கருதுகோள் 1859இல் முன்வைக்கப்பட்டு இன்றுவரை நிறுவப்படாமல் உள்ளது. 1984இல் ரோபின் பின்வருமாறு நிறுவினார்: எ 5040ஐவிடப் பெரிதாகும்போதெல்லாம், கூ(எ)யை எ ஆல் வகுத்த ஈவு, எ என்பதன் மடக்கையின் மடக்கையை ஏறத்தாழ 1.781 என்னும் மாறிலியால் பெருக்கிய தொகையைவிடக் குறைவாக இருக்குமானால் கருதுகோள் உண்மை. கருதுகோள் உண்மையானால் அவ்வாறு குறைவாகவே இருக்கும். 5040இல் இவ்வரம்பு 3.817, ஈவு 3.838. வரம்பு மீறப்படுகிறது. கருதுகோள் உண்மையானால், இவ்வாறு மீறும் கடைசி எண் இதுவே. கருதுகோளை மெய்யெனக் கொண்டு ஈவின் உச்ச அளவை இராமானுஜன் கணித்துவைத்த வாய்பாடு, போதிய அளவு பெரிய எண்களுக்கு ரோபினின் சமனிலியைத் தந்துவிடுகிறது. தேற்றத்தின் ஒரு பாதியில் பெரும்பங்கு, அச்சுக்கூலி மிச்சம்பிடிக்க ஒதுக்கப்பட்ட தாள்களில் இருந்தது என்று சொல்வது மிகையன்று. ‘எல்லா எண்களுக்கும், 5040க்குப் பின்’ என்னும் துல்லியமும், மறுதலைப் பாதியும் ரோபினுடையவை. அவற்றை இராமானுஜனுக்கு உரியனவாக்குதல் முறையாகாது.

ஜெஃப்ரி லகாரியாஸ் 2002இல் இதே செய்தியை மடக்கையின் மடக்கைக்குப் பதிலாக 1 + 1/2 + 1/3 எனத் தொடரும் கூட்டலைக் கொண்டு, விதிவிலக்கே இல்லாத வடிவில் எழுதிக் காட்டினார். ரோபினின் வரம்பை மீறும் எண் 5040க்குப் பின் ஏதேனும் உண்டெனின், அவற்றுள் மிகச் சிறியது ஒரு மிகுவளமை எண்ணாகவே இருந்தாக வேண்டும் என்பது 2009இல் நிறுவப்பட்டது. எனவே கருதுகோளைப் பொய்ப்பிக்கும் முதல் எண்ணைத் தேடுவோர் எல்லா எண்களையும் சோதிக்கத் தேவையில்லை. 10,080இல் தொடங்கி இவ்வொரு வரிசையில் நடந்தால் போதும்.